வெள்ளைக் கேடயம் மறைவதற்குள்

"ஐயா, அசையாதீங்க. உங்க கன்னத்துல என்னமோ மொளைச்சிருக்கு."

நீதிபதி டாகான் வாய்க்குக் கொண்டுபோன ஓட்ஸ் ரொட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "பருவா?"

"இந்த வயசுல பரு வந்தா இந்நேரம் உங்களுக்குப் பொண்ணு பார்க்கக் கிளம்பியிருப்பேன். இது கொப்புளம்."

சொல்லி முடிப்பதற்குள் மோய்னுவின் குரல் உடைந்துவிட்டது. டாகானின் வலது கன்னத்தில் பயறு பயறாக நீர் கோத்துப் பளபளத்தன கொப்புளங்கள்.

எரின் தீவில் அதற்கு என்ன அர்த்தம் என்று பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொய்த் தீர்ப்பு சொன்ன நீதிபதிக்குத்தான் கன்னத்தில் கொப்புளம் எழும். நேற்று மாலை டாகான் ஒரே ஒரு தீர்ப்புத்தான் சொல்லியிருந்தார். அண்ணன் செனாக்கைக் கல்லால் அடித்துக் கொன்றது தங்கை லசார்தான் என்ற தீர்ப்பு. சொந்த ரத்தத்தைக் கொன்றால் ஈடு கட்டித் தப்பிக்க வழி கிடையாது. கொடுக்க வேண்டிய குலமும் வாங்க வேண்டிய குலமும் ஒன்றாக இருக்கும்போது யார் யாருக்கு ஈடு கட்டுவது? தோணியில் ஏற்றிக் கடலில் விட்டுவிடுவார்கள். மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இன்று நடுப்பகலில், அலை இறங்கும்போது, லசாரின் தோணி கிளம்ப வேண்டும்.

மோய்னுவும் லசாரும் ஒரே வளர்ப்பு வீட்டில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். வளர்ப்பு உறவுக்குச் சாட்சி சொல்ல உரிமை இல்லை. அதனால் அந்த வட்டாரத்திலேயே நீண்ட நாக்குக்காரன் நேற்று முழுக்கச் சபையின் ஓரத்தில் ஊமையாக நின்றான். அவன் வசைக்கவி பாடிப் பிழைத்தவன். ஒரு மடாதிபதியின் மூக்கைப் பற்றிப் பாடப்போய், இனி ஒரு வசை பாடினால் அடிமையாக்கப்படுவாய் என்று தடை வாங்கியவன். டாகான்தான் அவனைக் கூட வைத்துக்கொண்டார்.

"வாங்க, மன்னர்கிட்ட காட்டுவோம்! தீர்ப்பு தப்புன்னு கடவுளே சொல்லிட்டாரு!"

"காட்டினா என்ன நடக்கும்? என்னை ஒதுக்கிட்டு வேற நீதிபதிக்கு ஆள் அனுப்புவாங்க. அவர் மலை தாண்டி வர்றதுக்குள்ள லசார் எங்க இருப்பா? தீர்ப்பை இன்னொரு தீர்ப்புதான் மாத்தும். கொப்புளம் மாத்தாது."

மோய்னு சுவரோடு சாய்ந்துவிட்டான். டாகான் தண்ணீர் வாளியில் முகத்தைப் பார்த்தார். கொப்புளத்தை விரலால் தொட்டு, சுளித்துக்கொண்டு கையை இழுத்தார்.

"எரியுது. கூடவே அரிக்குது. கடவுள் கோபம் அரிக்குமாடா?"

"எனக்கு அந்த அனுபவம் இல்ல. நீங்கதான் சொல்லணும்."

"நேத்து சாட்சி கேட்டுக்கிட்டே யோசிச்சேன்ல, அப்ப கன்னத்துல என்ன வெச்சிருந்தேன்?"

"கையை வெச்சிருந்தீங்க. எப்பவும் அப்படித்தானே."

"கையில என்ன இருந்துச்சு?"

மோய்னு நிமிர்ந்தான். லசார் தோளில் போர்வையைக் குத்திக்கொள்ளும் ஊசி. செத்தவன் கைப்பிடிக்குள் கிடைத்த வெண்கல ஊசி. அவளைக் கவிழ்த்ததில் பாதி அந்த ஊசிதான்.

டாகான் அதைப் பையிலிருந்து துணியோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசியின் கொண்டை பறவைத் தலை மாதிரி செதுக்கப்பட்டிருந்தது. செதுக்கலின் இடுக்கில் கோந்து போல ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"பாற்செடி."

மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கிற செடி. வேரோடு இடித்து மடுவில் கலக்கினால் மீன் மல்லாந்து மிதக்கும். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். செனாக் செத்துக் கிடந்ததோ மன்னருடைய சால்மன் மடுவின் கரையில்.

"உங்க விரல்ல ஒண்ணும் வரலையே?"

"இத்தனை வருஷம் ஊன்றுகோல் பிடிச்ச கை. செருப்புத் தோல் மாதிரி ஆயிடுச்சு. கன்னம் பாவம், வேலையே செஞ்சதில்ல." டாகான் எழுந்தார். "உனக்குத் தோணுதா? எனக்கு முன்னாடி இந்த ஊசியைப் பிடிச்ச கையில இந்தப் பால் இருந்திருக்கு. ஒண்ணு, செத்தவன் கை. இல்லன்னா, அந்தக் கைக்குள்ள ஊசியைத் திணிச்சவன் கை."

"செத்தவன் கையில இருந்தா?"

"அவனே அவகிட்டருந்து பிடுங்கின ஊசின்னு ஆகும். நான் சொன்ன தீர்ப்பு சரின்னு ஆகும்."

மோய்னு தேவாலயத்தை நோக்கி முன்னால் ஓடினான்.

தேவாலயத்தில் செனாக்கைத் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவன் மனைவி ரொன்னத் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும், "யாரது?" என்றாள்.

"நான்தான் அண்ணி, மோய்னு. நீதிபதி ஐயாவும் வந்திருக்காரு."

"தீர்ப்புதான் சொல்லியாச்சே. இன்னும் என்ன வேணும்? அவளைக் காப்பாத்தலாம்னு வந்தியா? கடைசி மாட்டை விக்கறதா வேண்டாமான்னு அண்ணனும் தங்கச்சியும் கத்தினதை ஊரே கேட்டுச்சு. மறுநாள் இவரு செத்துக் கிடக்கறாரு."

"அவதான் செஞ்சான்னா, தோணியில அவளுக்குக் கொடுக்கற ஒத்தைத் துடுப்பையும் நானே பிடுங்கிடறேன் அண்ணி. கையை ஒரு தடவை பார்த்துக்கறோம்."

அவள் துணியின் முனையைத் தடவிப் பிடித்தாள். பிறகு துணியைத் தானே விலக்கினாள். "உடம்பு பூரா கழுவிட்டேன். வலது கையை மட்டும் கழுவல. அவளோட ஊசி இருந்த கையைத் தொட மனசு வரல."

டாகான் குனிந்து பார்த்தார். மோய்னுவால் பார்க்க முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேறு இருக்கு" என்றார் டாகான் மெல்ல. "நகக்கண்ணுலயும் சேறுதான். பால் காஞ்சா கோந்து மாதிரி கறுத்து ஒட்டிக்கும். இதுல ஒரு பொட்டு இல்ல."

மோய்னு விட்ட மூச்சில் தலைமாட்டு மெழுகுவத்தி ஆடியது. ஆனால் அடுத்த கணமே மனம் தொங்கிப்போயிற்று. செத்தவன் கை இல்லை, சரி. அப்படியானால் யாருடைய கை? இந்த ஊரில் எத்தனை கைகள்! வீடு வீடாகப் போய்க் கை நீட்டச் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது?

பலிபீடத்தின் பக்கத்தில் துறவி ஒருவர் புனித மணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய சத்தியங்களெல்லாம் அந்த மணியைத் தொட்டுத்தான் செய்யப்பட்டன.

"தேய்ச்சு மாளல" என்று முணுமுணுத்தார் துறவி. "சத்தியம் பண்ண வர்றவன் எல்லாம் ஆட்டுக்கொழுப்புக் கையோட வர்றான்."

"மணிக்காவது கொழுப்பு கிடைக்குதே சாமி" என்றான் மோய்னு, பழக்க தோஷத்தில். "இந்த வருஷம் எங்களுக்கு அதுவும் இல்ல."

"கிண்டல் பண்ணு. பெரிய மனுஷன்னா ஃபைல்கார் பிரபு மாதிரி இருக்கணும். வெறுங்கையால புனிதப் பொருளைத் தொடலாமான்னு, வெள்ளைத் துணியைக் கையில சுத்திக்கிட்டில்ல தொட்டார்! பக்தின்னா அது பக்தி."

மோய்னுவும் டாகானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஃபைல்கார் செனாக்கின் சித்தப்பா மகன். லசார் கல்லை ஓங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்த ஒரே ஆள். அந்த ஒரு சத்தியத்தின் மேல்தான் தீர்ப்பே நின்றது.

"எப்பேர்ப்பட்ட பக்தி" என்றான் மோய்னு. "வீட்டுல சோறும் துணி சுத்தித்தான் சாப்பிடுவாரோ என்னவோ."

அப்போது கரைப் பக்கம் கொம்பு முழங்கியது.

துறவி தலையைத் தூக்கினார். "காத்து கடல் பக்கம் திரும்பிடுச்சாம். அலைக்குக் காத்திருக்க வேண்டாம், இப்பவே அனுப்பிடலாம்னு ஃபைல்கார் பிரபு மன்னர்கிட்ட சொல்லிட்டிருந்தாரு."

மடத்துக் குதிரையில் டாகானை ஏற்றிவிட்டு, மோய்னு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பின்னால், துறவியின் கையைப் பற்றிக்கொண்டு ரொன்னத்தும் வந்துகொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அவர்கள் கரைக்கு வந்தபோது தோணி அலைகளைத் தாண்டிவிட்டிருந்தது. மாட்டுத்தோல் போர்த்திய சின்னத் தோணி. நடுவில் குறுகி உட்கார்ந்த உருவம். தோணியின் பின்புறம் சுண்ணாம்பு பூசிய கேடயம் ஒன்று கட்டப்பட்டு வெயிலில் மின்னியது. அந்தக் கேடயம் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறவரை மன்னரின் அதிகாரம். தெரியாமல் போய்விட்டால் அவள் கடவுளின் சொத்து. பிறகு அவளைத் திருப்பிக் கொண்டுவருபவன் கடவுளிடம் திருடியவன்.

"அரசே! தோணியைத் திருப்பச் சொல்லுங்க!" டாகான் குதிரையிலிருந்து பாதி விழுந்து பாதி இறங்கினார்.

மன்னர் ஐலிலின் பார்வை அவர் கன்னத்தில் நிலைத்தது. கூட்டம் கொப்புளத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டது.

"உங்க தீர்ப்பைத்தானே நிறைவேத்திட்டிருக்கேன்? மாத்தணும்னா காரணம் சொல்லுங்க."

"ஃபைல்கார் பிரபுவோட வலது கையைப் பார்க்கணும்."

மன்னரின் பக்கத்தில் நின்ற ஃபைல்காரின் வலது கை போர்வை மடிப்புக்குள் இருந்தது. அவன் பதறவில்லை. "ஒரு பிரபுவோட உடம்பைச் சோதனை போட நீதிபதிக்கு உரிமை இருக்கா? நீங்களே சொல்லுங்க. சட்டம் படிச்சவர் நீங்கதானே."

உரிமை இல்லை. டாகான் வாழ்நாள் முழுக்க ஓதிய சட்டம் இப்போது அந்தக் கையைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

கேடயம் ஒரு தட்டு அளவுக்குச் சிறுத்துவிட்டது.

மோய்னு முன்னால் வந்தான். ஃபைல்கார் அவனைப் பார்த்துச் சிரித்தான். "என்ன, வசை பாடப்போறியா? பாடு, பாடு. நாளையிலேர்ந்து என் தொழுவத்துல சாணி அள்ளுவே."

மோய்னுவின் தொண்டையில் அவன் மேல் இருபது வசைகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆளைப் படுக்கையில் தள்ளக்கூடியது. அவன் அவற்றையெல்லாம் விழுங்கினான். இரண்டு கைகளையும் விரித்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு புகழ்ப்பாட்டைப் பாடினான்.

"வானம் கறுத்து மறந்தாலும் நின்வாசல்
தானம் மறந்ததில்லை தாளாளா — ஊனமிலாச்
செங்கை வளைகழற்றித் தந்தால் திசையெட்டும்
உன்கைதான் பேசும் உலகு."

கூட்டம் ஆரவாரித்தது. மோய்னு வலது உள்ளங்கையை ஃபைல்காரின் முன்னால் நீட்டினான்.

சபையறியப் பாடிய புகழுக்கு அங்கேயே, அப்போதே பரிசு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரபு என்ற பெயர் அன்றோடு செத்தது. பாடலோ வளையைக் கேட்டிருந்தது. வளை அவனுடைய வலது மணிக்கட்டில் இருந்தது.

"நல்ல பாட்டுப்பா" என்றார் மன்னர். "கழட்டிக் கொடு. சீக்கிரம்."

ஃபைல்கார் இடது கையால் இடுப்புக் கத்தியை எடுத்து நீட்டினான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருத்தி கேட்டேவிட்டாள்: "இடது கையாலயா? பிச்சைக்காரனுக்கா போடறாரு?"

அவன் முகம் வெளிறியது. மெல்ல வலது கையை வெளியே எடுத்தான். விரலிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணி. மேலே வெள்ளி வளை. இழுத்தான். வீங்கிப்போன கையில் அது அசையவில்லை.

"பிரபு சிரமப்படக் கூடாது" என்று மோய்னு வளையைப் பிடித்து, துணியையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

ஃபைல்காரின் அலறலில் கடற்பறவைகள் எழும்பின. தோலுரிந்து, கொப்புளம் கொப்புளமாக வெந்துபோன கை எல்லார் கண்ணிலும் பட்டது.

"பாற்செடி" என்றது கூட்டம், ஒரே குரலில்.

ஃபைல்கார் மூச்சு வாங்கினான். ஆனால் அவனும் சளைத்தவன் இல்லை. "சரி, ஒத்துக்கறேன். மன்னரோட மடுவுல மீன் பிடிச்சேன். மாடெல்லாம் நோய் வந்து செத்துப்போச்சு, வீட்டுல பட்டினி. அபராதத்தைக் கட்டிடறேன். மீன் பிடிச்சவன் கொலைகாரனாயிடுவானா? அவ கல்லை ஓங்கினதை நான் பார்த்தேன். என் சத்தியத்துக்கு மேல சத்தியம் பண்ண இங்க எவன் இருக்கான்?"

ஒருவரும் இல்லை. உயர்ந்தவன் சத்தியத்தைத் தாழ்ந்தவன் சத்தியத்தால் வெட்ட முடியாது. எல்லாம் செய்தும் ஒன்றும் ஆகவில்லை. கேடயம் இப்போது ஒரு பொட்டு.

டாகான் மட்டும் அமைதியாகக் கேட்டார். "செடியைப் பிடுங்க ஆள் வெச்சிருந்தீங்களா?"

"ஆள் வெச்சா விஷயம் வெளிய வந்துடாதா? நானேதான் பிடுங்கினேன்."

"வேரைத் தோண்டினது?"

"நான்தான்."

"இடிச்சது?"

"நான்தாங்கறேன்ல! எத்தனை தடவை சொல்றது?"

டாகான் மன்னரிடம் திரும்பினார். "மண்ணைத் தோண்டி, வேர் பிடுங்கி, கூலியாள் வேலையைத் தன் கையால செஞ்ச பிரபுவுக்கு என்ன தகுதி அரசே?"

மன்னரின் புருவம் மெல்ல உயர்ந்தது. "கூலியாளோட தகுதி."

"அந்த வேலையையும் திருடறதுக்காகச் செஞ்சா?"

"அதுகூடக் கிடையாது."

"நேத்து நான் ஒரு பிரபுவோட சத்தியத்தை நம்பித் தீர்ப்பு சொன்னேன். அவன் மணியைத் தொட்டப்போ அந்தச் சபையில பிரபுவே இல்ல. திருடன் ஒருத்தன்தான் இருந்தான். சத்தியம் விழுந்துச்சு. தீர்ப்பும் விழுந்துச்சு. தப்பாத் தீர்ப்பு சொன்ன என் பதவியும் விழுந்துச்சு." டாகான் நீதிபதிக் கோலை மணலில் வைத்தார். நிமிரும்போது ஊசியை உயர்த்திக் காட்டினார். "இதுல பாற்செடிப் பால் இருக்கு. செனாக் கையில இல்ல. லசார் கையில ஒரு கொப்புளம்கூட இல்ல. மடுவுல செனாக் உன்னைப் பார்த்துட்டான், இல்லையா? சொந்தக்காரன் நீ, லசாரோட ஊசியை எடுத்து வந்து அவன் கைக்குள்ள திணிச்சிருக்கே. அண்ணன் செத்து, தங்கச்சியும் கடலோட போயிட்டா, அவங்க குடும்ப நிலம் சட்டப்படி யாருக்கு வரும் ஃபைல்கார்?"

ஃபைல்கார் கையை மறைத்துக்கொள்ளத் துணியைத் தேடினான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ரொன்னத்தின் ஓலம் எழுந்தது.

மன்னர் கையைத் தூக்கினார். "தோணியை இறக்குங்க! அவளைத் திருப்பிக் கொண்டு…"

"அரசே." கரைக்காவலன் தயங்கிச் சொன்னான். "கேடயம்…"

எல்லோரும் திரும்பினார்கள். கடல் வெறுமையாக இருந்தது.

மன்னர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. "யாருக்காவது தெரியுதா?" அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "கேடயம் தெரியாதப்போ ஆள் அனுப்பினா நான் கடவுளுக்குக் குத்தவாளி. யாருக்காவது?"

மோய்னு உதட்டைக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. வளர்ப்பு உறவுக்கு வாய் கிடையாது. டாகான் தலையைக் குனிந்துகொண்டார். கடவுளின் பெயரில் பொய் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

"எனக்குத் தெரியுது."

ரொன்னத் துறவியின் கையை உதறிவிட்டு, பாறையைப் பற்றிப் பற்றி ஏறி, மேலே நின்றாள்.

"எங்கம்மா?" என்றார் மன்னர்.

"அதோ." அவள் கடலைச் சுட்டினாள். "வெள்ளையா ஒரு புள்ளி. அலைக்கு நடுவுல. எனக்கு நல்லாத் தெரியுது."

"செத்தவன் பொண்டாட்டியே சொல்றா!" மன்னர் கத்தினார். "இன்னும் என்ன வேடிக்கை? தள்ளுங்க தோணியை!"

மோய்னு எப்படி ஏறினான், எத்தனை அலைகளைத் தாண்டினான் என்பதெல்லாம் அவனுக்குப் பின்னால் நினைவில்லை. கை எரிய எரியத் துடுப்புப் போட்டான். காற்று தள்ளிய பக்கமே போனான். வெகுதூரம் போய், நம்பிக்கை எல்லாம் ஓய்ந்த பிறகுதான், ஓர் அலையின் முதுகில் அந்தத் தோணி தூக்கிக் காட்டப்பட்டது.

பாதிவரை தண்ணீர் ஏறியிருந்தது. லசார் முழங்கால் மூழ்க உட்கார்ந்திருந்தாள். துடுப்பைக் காணோம். அவளே எறிந்துவிட்டிருந்தாள்.

"எதுக்குடா வந்தே?" உதடு நீலம் பாரித்திருந்தது. "உன்னையும் ஏத்தி விட்டுடுவாங்க. போயிடு."

"தீர்ப்பு விழுந்துடுச்சு லசார். ஃபைல்கார்தான். ஊரே பார்த்துடுச்சு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு, அண்ணன் செத்ததற்கு அழ விடாமல் வைத்திருந்த அழுகையை எல்லாம் அழுதாள். மோய்னு அவளைத் தன் தோணிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது அவள் கேட்டாள். "கேடயத்தை யாரு பார்த்தது? நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கரையே மறைஞ்சு போயிடுச்சே."

"ரொன்னத் அண்ணி. அவங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுது."

லசார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"அண்ணிக்கா?"

"ஆமா. பாறை மேல ஏறி நின்னு காட்டினாங்க."

"மோய்னு… போன குளிர்காலக் காய்ச்சல்ல அண்ணிக்குக் கண்ணு போயிடுச்சுடா. முகத்துக்கு நேரா கையை நீட்டினாலும் தெரியாது. வெளிய சொல்ல வேண்டாம்னு செனாக்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான்."

துடுப்பு மோய்னுவின் கையில் நின்றுவிட்டது.

கரையில் கூட்டம் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. ஃபைல்காரைக் கட்டுகிறார்கள் போலிருந்தது. பாறை மேல் ஒற்றை உருவம் மட்டும் கடலைப் பார்த்து நின்றது. தோணி வரும் திசையை அல்ல, வேறு ஏதோ ஒரு திசையை.

லசார் எழுந்து வந்து, அவன் கைக்குப் பக்கத்தில் துடுப்பைப் பிடித்தாள்.

"வேகமாத் தள்ளு. அண்ணியால தனியா இறங்க முடியாது. யாராவது போய்க் கையைப் பிடிக்கணும்."